அக்காவின் கல்யாணத்துக்கு இரண்டு பெற்றோல் பம்ப்

காருக்குப் பெற்றோல் பம்ப் வாங்கப் போகிறவன், வீட்டில் யாருக்காவது கல்யாணம் வருகிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. கார்களைப் பற்றித் தெரியவேண்டியதெல்லாம் தெரிந்தவன் திருகோணமலையில் நான் ஒருவன்தான். (மற்றவர்கள் அதை ஒத்துக்கொள்ளாதது அவர்களுடைய குறை.)

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவரின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். வீடு லிங்கநகரில். அப்பா, அம்மா, கணித ஆசிரியையான ஸ்டெல்லா அக்கா, நான். இவர்களைவிட அதிக கவனிப்போடு வளர்ந்துகொண்டிருந்தது என் கார். பழைய யப்பான் கார், நீல நிறம், பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் வகை. அதன் எஞ்சினில் டேர்போ இருந்தது. டேர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாக அடித்து ஏற்றும் ஒரு சின்னச் சுழலி. காற்று கூடினால் பெற்றோலும் கூட வேண்டும். இரண்டும் அளவாகச் சேர்ந்து எரிந்தால் வலு கிடைக்கும். கம்பனியிலிருந்து வந்தபோது அந்தக் காருக்கு இருநூற்றுச் சொச்சம் குதிரைவலு. எனக்கு ஐந்நூறு வேண்டியிருந்தது.

ஏன் ஐந்நூறு என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. நான் தினமும் ஓடிய தூரம் லிங்கநகரிலிருந்து துறைமுகம் வரை. அந்தத் தூரத்துக்குள் வேகத்தடைகள், முச்சக்கரவண்டிகள், யாருக்கும் சொந்தமில்லாத மாடுகள், எல்லாருக்கும் சொந்தமான மான்கள். ஐம்பது மான் வந்தாலே வீதி நிறைந்துவிடும் ஊரில், நான் ஐந்நூறு குதிரைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன்.

பெரிய டேர்போ ஒன்றை ஏற்கெனவே வரவழைத்துப் பூட்டியாயிற்று. மிச்சம் இருந்தது தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோலை அடிக்கும் பம்ப். அதைப் பற்றிப் பேசத்தான் குறிஞ்சாக்கேணியில் நஸீர் நானாவின் கராஜுக்குப் போனேன். நானா உழவு இயந்திரம், வள்ளத்து எஞ்சின், கார் எல்லாம் திருத்துவார். ஆணி முடுக்கும் திருப்புளியின் ஒரு முனையை எஞ்சினிலும் மற்ற முனையைக் காதிலும் வைத்துக்கொண்டு, டொக்டர் மாதிரிக் கண்ணை மூடிக் கேட்பார். கேட்டு முடித்து அவர் சொல்லும் நோய் ஒருநாளும் பிழையாகிப்போனதாக நான் அறியவில்லை. அப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று கிழமையாக வெளிநாட்டுக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்து, நான்கு நிறப் பேனாவால் படம் கீறி வைத்த கொப்பி.

நானா என் கொப்பியைத் திறக்கவில்லை.

"தம்பி, டேர்போ காத்தக் கொண்டாந்து கொட்டும். அதுக்கேத்த பெற்றோல் போகணும். போகாட்டி பிஸ்டன் உருகிரும். அதால பெரிய பம்ப் வேணும், அது சரி. எத்தின பம்ப், எங்க வெக்கிற, எப்பிடி வயர் இழுக்கிற, அதுலதான் கத இரிக்கி."

"எத்தினை போடலாம் நானா?"

"ஒண்டு. நல்ல பம்பா ஒண்டு, பெற்றோல் தாங்கிக்குள்ளேயே. பழைய வயர் அதுக்குக் கரண்ட் குடுக்கக் காணாது. கரண்ட் கொறஞ்சா பம்ப் எவ்வளவு பெரிசா இருந்தும் வேலையில்ல. பற்றரியில இருந்து தடிச்ச வயர் நேரா இழுத்து, ஒரு ரிலே சுவிச் போட்டுத் தாறன். ஒனக்கு நானூறு வரும்."

"ஐந்நூறு வேணும் நானா."

"எங்க ஓடப் போற?"

இந்தக் கேள்வி என் கொப்பியில் இருக்கவில்லை. அதனால் காதில் விழாதது மாதிரி ஒரு பக்கத்தைப் புரட்டினேன்.

கொப்பியில் இருந்தது வேறு திட்டம். டிக்கிக்குள் ஒரு சின்னத் தாங்கி வைப்பது. பெரிய தாங்கியில் உள்ள பம்ப் அதை நிரப்பிக்கொண்டிருக்கும். சின்னத் தாங்கியிலிருந்து இரண்டு பெரிய பம்ப் எஞ்சினுக்கு அடிக்கும். எஞ்சின் குடித்து மிஞ்சியது இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். பந்தயக்காரர் வளைவில் வேகமாகத் திரும்பும்போது தாங்கியில் உள்ள பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அந்த நேரம் பம்ப் வெறும் காற்றை உறிஞ்சக்கூடாது என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. நான் வேகமாகத் திரும்பக்கூடிய வளைவு என்று ஊரில் ஒன்றே ஒன்று, மீன் மார்க்கெற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கேயும் முன்னால் எப்போதும் ஒரு மீன்பெட்டிச் சைக்கிள் போகும்.

நானா தாடியைத் தடவினார்.

"செய்யலாம். ஏலாதெண்டு இல்ல. ஆனா கேட்டுக்க. ரெண்டு பெரிய பம்பும் எந்த நேரமும் முழுசா அடிக்கும். நீ மெல்லப் போனா எஞ்சின் குடிக்கிறது துளி. மத்ததெல்லாம் சுத்திச் சுத்தி வந்து சூடாகும். சூடாகினா ஆவி. தாங்கி இரிக்கிறது ஆக்கள் இரிக்கிற எடத்துக்குப் பின்னால. அதால இரும்புப் பெட்டி செஞ்சு, மூடி போட்டு இறுக்கி, ஆவி போகக் குழாய் வெளிய விடணும். பெற்றோலுக்கெண்டு செஞ்ச றப்பர் ஹோஸ்தான் போடணும். வெளங்குதா?"

"நான் எங்க நானா மெல்லப் போறது?" என்றேன், கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டபடி.

(அந்தக் கண்ணாடியை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது.)

நானா வேலையைத் தொடங்கினார். இரண்டு பம்பையும் பூட்டினார், தடித்த வயர் இழுத்தார், பெட்டியின் அடிப்பாகத்தை ஒட்டினார். மிச்சம் இருந்தவை பெட்டியின் மூடியும், பெற்றோல் திரும்பி வரும் கடைசி ஹோஸும். ஹோஸ் கொழும்பிலிருந்து வரவேண்டும். அதற்கிடையில் ஈச்சிலம்பற்றில் ஒரு அறுவடை இயந்திரம் வயல் நடுவில் நின்றுபோனதாக அவருக்கு அழைப்பு வந்தது.

"மூணு நாளையில வந்துருவன். ஹோஸ் வரட்டும், மூடி போடுவம். அதுவரைக்கும் கார் இஞ்சயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை அக்காவுக்குக் கல்யாணம்.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணப் பெண் போவதற்கு மாமா தன்னுடைய வெள்ளைக் காரைத் தருவதாகச் சொல்லியிருந்தார். குளிரூட்டி உள்ள, சத்தமில்லாத, மெத்தென்ற கார். நான்தான் ஒரு மாதமாக அக்காவின் பின்னால் திரிந்து, என்னுடைய காரில்தான் வரவேண்டும் என்று கெஞ்சினேன்.

"எனக்கு உன்ர கார் பயமாக் கிடக்கு தம்பி."

"என்ன பயம்? ஐந்நூறு குதிரை அக்கா!"

"கோயிலுக்குப் போக எத்தினை குதிரை வேணும்?"

கணித ஆசிரியைகளிடம் எண்களைச் சொல்லி வெல்ல ஏலாது. நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் திரிந்தேன். (வெளியில் கொத்துரொட்டி சாப்பிட்டேன்.) மூன்றாம் நாள் அக்கா குசினிக்குள் கூப்பிட்டாள்.

"எனக்கு இருக்கிறது ஒரு தம்பிதான். உன்ர காரிலயே வாறன். மாமாவுக்கு நான் சொல்லுறன். கவனமாக் கூட்டிக்கொண்டு போவாய்தானே?"

"உயிரைக் குடுப்பன் அக்கா" என்றேன். அவளுடைய உயிரும் அதில் சேரப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆக, ஹோஸ் வரும்வரை காத்திருக்க எனக்கு நேரமில்லை. புதன்கிழமை பின்னேரம் கராஜுக்குப் போய், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன். போகும் வழியிலேயே ஒரு இரும்புக்கடையில் ஏறி, மேசன்மார் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கும் குழாய் இரண்டு முழம் வாங்கியிருந்தேன். கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்ரிக் குழாய். அமுக்கம் இல்லாத, சும்மா திரும்பி வரும் பெற்றோல்தானே, இதுக்கு என்ன கொழும்பு ஹோஸ் என்பது என் வாதம். உண்மையான காரணம் வேறு. குழாய்க்குள்ளால் பெற்றோல் பாய்வது வெளியே தெரியும். டிக்கியைத் திறந்தால் பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும். நானே அதைப் பூட்டி, பெட்டிக்கு மூடியும் இல்லாமல் காரை வீட்டுக்கு ஓட்டிவந்தேன். அயலில் மூன்று பேருக்குத் திறந்து காட்டினேன். அதில் ஒருவர், "வீட்டில ஆருக்கும் சேலைன் ஏத்துறீங்களோ?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை. காருக்கு வெள்ளைப் பூவும் ரிபனும் கட்டினோம். அக்கா வெள்ளைச் சேலையில் வெளியே வந்தாள். தலையில் மூன்று கஜ நீளமான வெள்ளை நெற் முக்காடு. அது கசங்கக்கூடாதென்று, மணத்தோழியாக வந்த சித்தியின் மகள் நெற்றைப் பின்சீற்றின் முதுகுக்கு மேலால் எடுத்து, பின்னால் டிக்கிக்குள் நீட்டி அழகாக விரித்துவிட்டாள். டிக்கிக்கும் சீற்றுக்கும் நடுவில் இருந்த தட்டைப் பம்ப் பூட்ட வசதியாக நான் முன்னரே கழற்றிவிட்டிருந்தேன். அதுவும் ஒரு வசதி என்று அவள் என்னைப் பாராட்டினாள்.

அப்பா கோட்டும் ரையுமாக முன்சீற்றில் ஏறினார். நான் சாவியைத் திருகியதும் இரண்டு பம்பும் சேர்ந்து ஊளையிடத் தொடங்கின. அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"உள்ளுக்க ஆரடா அழுகினம்?"

"பம்ப் அப்பா."

"கலியாண வீட்டில உதென்ன சகுனமடா" என்று அப்பா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

நஸீர் நானாவிடம் நான் எங்கே மெல்லப் போவது என்று கேட்டேன் அல்லவா? பெண் கார் உலகத்திலேயே மெல்லப் போகும் வாகனம் என்பதை நான் மறந்துவிட்டேன். முன்னால் ஒரு முச்சக்கரவண்டி. அதன் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த வீடியோக்காரர், 'மெல்ல, மெல்ல' என்று கையால் அமத்திக் காட்டிக்கொண்டே வந்தார். ஐந்நூறு குதிரையை நான் நடைபோடும் வேகத்தில் ஓட்டினேன். சைக்கிளில் வந்த ஒரு ஐயா எங்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்து, அனுதாபத்தோடு கையசைத்தார்.

கடற்கரைப் பக்கம் திரும்பியபோது வீதியின் நடுவில் ஒரு கலைமான் படுத்திருந்தது. ஹோர்ன் அடித்தேன். அது என்னைப் பார்த்துவிட்டு அசைபோட்டது. வீடியோக்காரருக்கு அது பெரிய சந்தோசம். "நல்ல ஷொட் அண்ணை, அப்பிடியே நில்லுங்கோ" என்று இறங்கிப் படம் பிடித்தார். வெயில் கூரையைப் பிளந்தது. பாரம் குறையட்டும் என்று குளிரூட்டியை எப்போதோ கழற்றி எறிந்திருந்தேன். அக்காவின் தலைமுடி கலையும் என்று கண்ணாடிகள் மூடியிருந்தன. பின்னால் இரண்டு பம்பும் ஓயாமல் பெற்றோலைச் சுற்றிச் சுற்றி அடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தன.

"தம்பி, பெற்றோல் மணக்குது" என்றாள் அக்கா.

"இல்லையே."

"மணக்குது எண்டுறன்."

"பந்தயக் காரில உப்பிடி ஒரு வாசம் இருக்கும் அக்கா."

"எனக்கும் மணக்குதடா" என்றார் அப்பா.

"முன்னால போற ஓட்டோ அப்பா. பழைய ஓட்டோ."

எனக்கும் மணந்தது. கண் எரிகிற அளவுக்கு மணந்தது. ஆனால் வீதியோரத்தில் அத்தனை பேர் நின்று பார்க்கும்போது, காரை ஓரங்கட்டி, பெண்ணை இறக்கி, வேலிக்கரையில் நிறுத்திவிட்டு, 'நானா சொன்னதைக் கேட்டிருக்கலாம்' என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அக்கா மூன்றாவது தரமும் சொன்னாள். மூன்றாவது தரமும் இல்லை என்றேன். கண்ணாடியை மட்டும் ஒரு அங்குலம் இறக்கிவிட்டேன்.

தேவாலய வாசலில் அப்பாவும் அக்காவும் இறங்கினார்கள். அம்மாவும் மணத்தோழியும் வேறு வாகனத்தில் முன்னரே வந்து நின்றார்கள். நெற்றை எடுப்பதற்காக நான் பின்கதவைத் திறந்தேன். திறந்தவுடன் முகத்தில் அடித்த ஆவியில் இரண்டடி பின்னால் போனேன். மூன்று நாளில் அந்த மட்டக் குழாய் மஞ்சளாகி, காய்ந்த கோழி எலும்பு மாதிரி விறைத்து, பூட்டிய இடத்தில் இருந்து நழுவியிருந்தது. சொட்டுச் சொட்டாக ஒழுகிய பெற்றோல் கம்பளத்தில் ஒரு குட்டையாகத் தேங்கி நின்றது. அந்தக் குட்டைக்குள் அக்காவின் நெற்றின் கடைசி முழம் அமைதியாக ஊறிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ளவன் என்ன செய்வான்? சத்தம் போட்டு எல்லாரையும் தள்ளிப்போகச் சொல்வான். நான் நெற்றைப் பிழிந்தேன். பிழிந்து உதறிவிட்டு, அம்மாவின் கைப்பையில் இருந்த ஓடிகொலோன் போத்தலை எடுத்து அதன்மேல் முழுவதையும் ஊற்றினேன். (ஓடிகொலோனும் எரியும் என்பதை அன்று பின்னேரம் எனக்கு விளக்கினார்கள்.) பிறகு பூப்போலச் சிரித்துக்கொண்டே நெற்றின் நுனியை மணத்தோழியின் கையில் கொடுத்தேன். அவள் தும்மினாள்.

பாட்டு தொடங்கியது. அப்பாவின் கையைப் பிடித்தபடி அக்கா கோயிலின் நடுவழியால் நடந்தாள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவள் ஒவ்வொரு வரிசையைக் கடக்கும்போதும் அந்த வரிசையில் சிரித்த முகங்கள் சுருங்கி, கைலேஞ்சிகள் மூக்குக்குப் போவதை நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். காற்று வயலில் படுவதுபோல அது பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்குப் போனது.

"கோயிலுக்க ஜெனரேற்றர் போட்டிருக்கினமோ?" என்று ஒரு மாமி கேட்டது எனக்குக் கேட்டது.

பீடத்தின் முன்னால் மாப்பிள்ளை நின்றார். பெயர் கிளமென்ட். சீனக்குடாப் பக்கம் எண்ணெய் சேமிக்கும் ஒரு இடத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். ஆயிரக்கணக்கான லீற்றர் எரிபொருளுக்கு நடுவில், ஒரு சொட்டு எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதற்காக அவருடைய மூக்குக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். இதை நான் முதல்நாள் இரவாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

அக்காவைப் பார்த்து அவர் மலர்ந்து சிரித்தார். அக்கா கிட்ட வந்தாள். இன்னும் ஐந்து அடி இருக்கும்போது அவருடைய சிரிப்பு நின்றது. மூக்கு விரிந்தது. ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு இன்னொரு அடி. வலது கையை நிமிர்த்திப் பிடித்து, கோயில் முழுவதற்கும் கேட்கும் குரலில் சொன்னார்:

"நில்லுங்கோ. கிட்ட வராதேங்கோ."

பாட்டு பாதியில் நின்றது.

அந்த அமைதியில் பெரியம்மாவின் குரல் கிளம்பியது. "ஐயோ, மாப்பிள்ளை மாட்டன் எண்டிட்டார்!"

அம்மா பொத்தென்று வாங்கில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் முகம் சாம்பலாகியது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, எதெண்டாலும் பேசித் தீர்ப்பம், அவசரப்படாதை" என்று கையைப் பிசைந்தார். பின்வரிசையில் இரண்டு பேர், பெண் வீட்டில் ஏதோ மறைத்திருக்கிறார்கள் என்று முடிவுக்கே வந்துவிட்டார்கள். (அதில் பிழையில்லை. மறைத்தவன் நான்.) அக்கா மட்டும் அசையவில்லை. கையில் பூச்செண்டோடு, அந்த உயர்ந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பங்குத் தந்தை கண்ணாடியைக் கழற்றினார். "மகன், உதைப் பற்றி நீங்கள் முதலே யோசிச்சிருக்க வேணும்."

"பாதர், பீடத்தில எரியிற மெழுகுதிரி எல்லாத்தையும் உடன அணையுங்கோ. பெற்றோல்."

தந்தை ஒரு தரம் மூச்சை இழுத்துப் பார்த்தார். அடுத்த கணம், எழுபது வயதை நெருங்கிய அந்த மனிதர், ஆறு மெழுகுதிரியையும் ஒரே மூச்சில் ஊதி அணைத்தார். அப்படி ஒரு வேகத்தை நான் என் காரில் கண்டதில்லை.

அதற்குப் பிறகு கிளமென்ட் அத்தான் அக்காவுக்குப் பக்கத்தில் வந்தார். "பயப்பிடாதேங்கோ ஸ்டெல்லா. நெற்றை மட்டும் கழட்டுவம்" என்று மெல்லச் சொல்லி, ஊசிகளை ஒவ்வொன்றாகத் தானே எடுத்தார். நெற்றைச் சுருட்டி, கையை நீட்டிப் பிடித்தபடி பக்கவாசலால் கொண்டுபோய் வெளியே மணலில் விரித்தார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தார். அவ்வளவு நேரமும் இருநூறு பேர் மூச்சுவிடாமல் இருந்தார்கள். அக்கா ஒரே ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தாள். விடை மட்டுமல்ல, செய்முறை முழுவதுமே பிழையாக இருக்கும் கணக்குக் கொப்பியைப் பார்க்கும் பார்வை.

கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஏற்ற வேண்டிய பெரிய மெழுகுதிரியை மாத்திரம் தந்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். "ஒளி இவர்களுடைய உள்ளத்தில் எரியட்டும். இன்றைக்கு அது போதும்" என்று பிரசங்கத்தையும் சுருக்கமாக முடித்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும், அத்தான் புது மனைவியோடு படம் எடுக்கப் போகவில்லை. நேரே என் காருக்குப் போனார். எல்லாரையும் மதில் வரைக்கும் தள்ளி நிற்கச் சொன்னார். கைத்தொலைபேசி, சிகரெட் எதுவும் கிட்ட வரக்கூடாது என்றார். தேங்கிய பெற்றோலின் மேல் வாளி வாளியாக மணல் கொட்டினார். ஆவி பறந்து போகும்வரை காத்திருந்து, பிறகுதான் பற்றரியின் வயரைக் கழற்றினார். கோட்டில் ரோசாப்பூவும் கையில் மணல் வாளியுமாக அவர் நிற்கும் படம்தான் அந்தக் கல்யாணத்தில் மிகத் தெளிவாக வந்த படம்.

ஈச்சிலம்பற்றிலிருந்து அன்று காலைதான் திரும்பி, கல்யாணத்துக்கு அழைப்பில் வந்திருந்த நஸீர் நானா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். புதுச் சேட், அத்தர் வாசம். டிக்கிக்குள் எட்டிப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"தம்பி, இது மேசன்மார் மட்டம் பாக்கிற குழாய்."

"ஓம் நானா."

"இத ஏன் போட்ட?"

"பெற்றோல் போறது வெளிய தெரியட்டும் எண்டு."

நானா கோயில் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். மதிலோரம் ஒதுங்கி நின்ற இருநூறு பேரையும், மணல் வாளியோடு நின்ற மாப்பிள்ளையையும் பார்த்தார்.

"தெரிஞ்சிச்சு" என்றார்.

நான் கோயில் கிணற்றடியில் போய் இருந்துகொண்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள். நெற் இல்லாத தலை, வெயிலில் வியர்த்த முகம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, நான் வேணுமெண்டு செய்யேல்ல."

"தெரியும். ஒழுகினதுக்கு எனக்குக் கோவம் இல்லைத் தம்பி. ஒழுகும், உடையும், அது சாமான். மணக்குது எண்டு நான் மூண்டு தரம் சொன்னனான். மூண்டு தரமும் இல்லை எண்டனீ. அவர் கையைத் தூக்கினவுடன நான் என்ன நினைச்சனான் தெரியுமோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னைப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சிட்டன். அத்தினை பேருக்கு முன்னால."

அக்கா கைலேஞ்சியை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "நீயும் எரிவாய் போலக் கிடக்கு. முகத்தைக் கழுவிப்போட்டு வா, சாப்பாட்டுக்கு நேரமாகுது" என்றாள்.

மாமாவின் வெள்ளைக் காரில் ஏற அவள் மறுத்துவிட்டாள். என்னை இன்னும் சின்னவனாக்க அவளுக்கு விருப்பமில்லை என்று பிறகு அம்மா சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ்ஸிலேயே பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குப் போனார்கள். நானும் பின்சீற்றில் ஏறினேன். என்னைக் கண்டதும் பக்கத்தில் இருந்த ஐயா எழுந்து முன்னால் போய்விட்டார். பஸ் வளைவில் திரும்பும்போது அக்காவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அத்தான் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவள் அடக்கமாட்டாமல், மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். அதைக் கேட்டபிறகுதான் எனக்குப் பசித்தது.

அடுத்த கிழமை நானா இரண்டு பம்பையும் சின்னத் தாங்கியையும் கழற்றிவிட்டு, தாங்கிக்குள் ஒரு நல்ல பம்பைப் போட்டு, தடித்த வயரையும் ரிலேயையும் அதற்குத் திருப்பிவிட்டார். முதல்நாள் அவர் சொன்ன அதே ஏற்பாடு. கார் அருமையாக ஓடியது. எத்தனை குதிரை என்று நான் அளக்கவில்லை. பின்னர் நாடே பெற்றோல் இல்லாமல் வரிசையில் நின்ற காலம் வந்தபோது அதை மூடிபோட்டு நிறுத்திவைத்தேன். ஒரு குதிரைக்குக்கூடத் தீனி கிடைக்காத காலம் அது. அதற்குப் பிறகு அதை விற்றுவிட்டேன். இப்போது என்னிடம் இருப்பது சத்தமே போடாத ஒரு சின்னக் கார். வேகமாகப் போகச் சொன்னால் யோசித்துவிட்டுத்தான் போகும்.

எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. பிறந்தநாளோ நத்தார்ப் பண்டிகையோ, எங்கேயாவது மெழுகுதிரி கொளுத்துவதென்றால் முதலில் என்னை வெளியே அனுப்புவார்கள். அத்தான் பாதுகாப்பு மேற்பார்வையாளரின் குரலில், "ஆள் வெளியிலயோ?" என்று கேட்பார். அக்கா, "ஓம், முற்றத்தில நிக்கிறார்" என்பாள். அதன் பிறகுதான் தீப்பெட்டி வரும். எனக்குக் கல்யாணமாகி வந்த என் மனைவியும் ஒரே கிழமையில் இந்த வழக்கத்தைப் படித்துக்கொண்டாள். என் மகனின் முதலாவது பிறந்தநாளுக்கும் நான் ஜன்னலுக்கு வெளியே மாமரத்தடியில் நின்றுதான் கை தட்டினேன்.

அவனுக்கு இப்போது நாலு வயது. போன மாதம் லிங்கநகரிலேயே இன்னொரு பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கேக் வந்தது, மெழுகுதிரி குத்தினார்கள், எல்லாரும் சுற்றி நின்றோம். என் மகன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு அந்தப் பிள்ளையின் தகப்பனிடம் போய், அவருடைய காற்சட்டையைப் பிடித்து இழுத்து, மிகவும் மரியாதையாகக் கேட்டான்:

"அங்கிள், கொளுத்தப் போகினம். அப்பாமார் எல்லாரும் வெளியில போகோணும் எல்லோ?"